அலை ஏறிய மலை – 9: இரண்டு காது வைத்த கோபுரம்

போன் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன. எதிர்மலையில் கோபுரம் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன் பேசுவது, லிந்துலை லயத்திலிருக்கும் அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அம்மா பேசுவது மகனுக்குப் போய்ச் சேரவில்லை. “அம்மா, ஒண்ணும் கேக்கல... கொஞ்சம் வெளியில வந்து பேசுங்க” என்கிறான். அம்மா வாசலுக்கு வருகிறார். கேட்கிறது. இரண்டடி நகர்ந்ததும் மறுபடி அறுந்துவிடுகிறது.

கோடும் இருக்கிறது, கோபுரமும் தெரிகிறது. அப்படியானால் குரலைத் தின்றது எது? சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

முதல் சந்தேகம் மலைமீதுதான் விழும். லிந்துலையில் மலைக்கா பஞ்சம்? ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 வீதி தலவாக்கலையைத் தாண்டி லிந்துலைக்குள் வளைந்து, ரதல்ல வழியாக நானுஓயாவை எட்டுகிறது. ஒரு பக்கம் கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர். மறுபக்கம் அக்கரப்பத்தனையிலிருந்து இறங்கிவரும் ஆக்ரா ஓயாவின் பள்ளம். இடையில் மட்டக்கலை, ஹென்போல்ட், பம்பரக்கலை என்று தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு. மேல்பிரிவில் கிடைக்கும் சிக்னல் கீழ்ப்பிரிவில் கிடைக்காது. அது மலையின் நிழல். 2020இலும் 2021இலும் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, மலையகப் பிள்ளைகள் போனும் கையுமாக உச்சிக்கு ஏறியது இந்த நிழலிலிருந்து வெளியே வரத்தான்.

அம்மாவின் சங்கதி வேறு. நிழலிலிருந்து தப்ப வேண்டுமென்றால் ஒரு மலையே ஏற வேண்டும். அவரோ இரண்டடிதான் நகர்ந்தார். இரண்டடிக்குள் ஒரு மலை மறைந்து தோன்றாது. ஆகவே மலையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். உண்மைக் காரணம் தெரிய, நூறு ஆண்டுகள் பின்னே போய் இங்கிலாந்தின் தென்கரையில் இறங்க வேண்டும். அங்கே ஒரு வானொலி நிலையம் நள்ளிரவுக்குப் பிறகும் அணையாமல் இருக்கிறது.

போர்ன்மவுத்தின் பின்னிரவு

1924 டிசம்பர் 11. போர்ன்மவுத்திலிருந்த பிபிசி நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டது. நேயர்கள் உறங்கப் போனபின், நிலையம் எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற இளம் பேராசிரியரின் பரிசோதனைக்கு வந்தது. அவரும் ஆய்வுத் துணைவர் மைல்ஸ் பார்னெட்டும் தொலைவில், ஆக்ஸ்போர்டில் ஏற்புக்கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இரவில் வானொலிக் குரல் தானாக ஓங்குவதும் தானாகத் தேய்வதும் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. பொறியாளர்கள் அதை மங்கல் என்றார்கள். ஆப்பிள்டன் அந்தத் தொல்லையையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றும்படி ஏற்பாடு. ஆக்ஸ்போர்டில் அளவுமானியின் முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அதன் பொருள் ஒன்றுதான். ஒரே அலை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தரையோடு நேராக. மற்றொன்று வானத்தில் எதிலோ பட்டுத் திரும்பி. ஒன்றின் முகடும் மற்றதன் முகடும் ஒருசேர வந்தால் குரல் ஓங்கும். முகடும் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஏற்ற இறக்கங்களை எண்ணி, அலையைத் திருப்பும் படலம் சுமார் 90, 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக ஆப்பிள்டன் கணக்கிட்டார். அயனமண்டலத்துக்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. 1947இல் நோபல் பரிசும் வந்தது.

ஓராண்டு கழித்து, 1925 டிசம்பர் 16இல், கொழும்பில் ஆளுநர் ஹியூ கிளிபர்ட் வானொலியைத் தொடங்கிவைத்தார். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்பே, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பு நடத்தியிருந்தார். இலங்கை வானொலி பிறக்கும்போதே மங்கலின் காரணம் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. மருந்து மட்டும் தெரியவில்லை.

எல்லாருக்கும் முதலில் தோன்றிய மருந்து, வலுவைக் கூட்டுவது. அது பலிக்கவில்லை. ஏனென்றால் வலுவைக் கூட்டினால் நேர்வழி அலையும் பலக்கும், திரும்பிவரும் அலையும் அதே அளவு பலக்கும். இரண்டும் பெரிதாகி, பெரிதாகவே அழித்துக்கொள்ளும். பிறகு என்ன செய்வது? பதில் அட்லாண்டிக்கின் மறுகரையில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே கிடைத்தது.

ரிவர்ஹெட்டின் மூன்று அன்டெனாக்கள்

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் ரிவர்ஹெட் என்ற ஊர். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கடல்கடந்த தந்திகளைப் பிடிக்கும் நிலையம் அங்கே இருந்தது. 1920களின் பிற்பகுதியில் சிற்றலை வந்தது. குறைந்த வலுவில் கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது. கூடவே மங்கலையும் கொண்டுவந்தது. தந்தியில் ஓர் எழுத்து விழுந்தால் வியாபாரியின் கணக்கே மாறிவிடும். நிறுவனத்துக்கு இது பணப் பிரச்சினை.

அந்த நிலையத்தில் ஹரோல்ட் பெவரேஜ், ஹரோல்ட் பீட்டர்சன் என்று இரண்டு பொறியாளர்கள். பெவரேஜ் ஏற்கெனவே நீண்ட கம்பி அன்டெனாவால் பெயர் வாங்கியவர். இன்றும் அது பெவரேஜ் அன்டெனா என்றே அழைக்கப்படுகிறது. இருவரும் கவனித்தது மிக எளிய விஷயம். ஓர் அன்டெனாவில் குரல் தேயும் அதே கணத்தில், சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இன்னோர் அன்டெனாவில் தேய்வதில்லை. அங்கே அலை வந்துசேரும் வழிகளுக்கிடையே உள்ள தூர வித்தியாசம் வேறு. ஆகவே முகடும் பள்ளமும் சந்திக்கும் கணமும் வேறு.

உடனே கணக்கு மாறிவிட்டது. ஓர் அன்டெனா பத்தில் ஒரு பங்கு நேரம் செவிடாகிறது என்று வையுங்கள். இன்னொன்றும் அப்படியே, ஆனால் தனக்கென்று ஒரு நேரத்தில். இரண்டும் ஒன்றாகச் செவிடாவது நூறில் ஒரு பங்கு நேரம்தான். மூன்று இருந்தால் ஆயிரத்தில் ஒன்று. காது ஒன்று அடைத்தால் மற்றது கேட்கும் என்பதுதான் சூத்திரம். இரண்டு காதும் ஒரே நேரத்தில் அடைக்காதபடி தள்ளி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ரிவர்ஹெட்டில் மூன்று அன்டெனா, மூன்று ஏற்புக்கருவி, மூன்றின் விளைவையும் ஒன்றுசேர்க்கும் சுற்று என்று ஏற்பாடு அமைந்தது. 1931இல் வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் இருவரும் அதை விரிவாக எழுதினார்கள். டைவர்சிட்டி என்று பெயர். பின்னாளில் சேர்க்கும் முறையிலும் நுணுக்கம் வந்தது. நன்றாகக் கேட்கும் அன்டெனாவை மட்டும் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் சமமாகக் கூட்டுவது இன்னொரு வழி. எது தெளிவாகக் கேட்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கூட்டுவதே மிகச் சிறந்த வழி என்று 1954இல் லெனார்ட் கான் காட்டினார், 1959இல் டி.ஜி. பிரெனன் மூன்று வழிகளையும் நிறுத்துப் பார்த்தார்.

நிலத்தில் நட்ட அன்டெனாவுக்கு மருந்து கிடைத்தது. ஆனால் அதற்குள் தொலைபேசி காரில் ஏறிவிட்டது. காருக்குச் சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு அன்டெனா பூட்ட முடியுமா?

ஒரு நொடியில் நூறு குழி

1946 ஜூன் 17. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு இறுதியிலேயே பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் ரிங், நகரத்தைச் சிறு செல்களாகப் பிரித்து, ஒரே அதிர்வெண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று உள் அறிக்கை எழுதினார். இன்றைய கைத்தொலைபேசியின் விதை அது.

அந்தச் சிந்தனையில் அவருக்குத் துணை நின்ற டபிள்யூ. ரே யங், நியூயார்க்கிலும் சுற்றுப்புறத்திலும் அலைகளை அளந்து 1952இல் முடிவுகளை வெளியிட்டார். 150 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 3700 வரை நான்கு அதிர்வெண்கள். தெருவில் சில அடி தூரத்துக்குள்ளேயே சிக்னல் தாறுமாறாக ஏறி இறங்கியது. இங்கே வானத்துப் படலம் தேவைப்படவில்லை. கட்டடம், பஸ், பாலம், விளக்குக் கம்பம் எல்லாமே அலையைத் திருப்பின. இரண்டு வழி அல்ல, இருபது வழி.

900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். முகடும் பள்ளமும் சந்திக்கும் இடங்கள் ஏறக்குறைய பாதி அலைநீளத்துக்கு ஒன்றாக, அதாவது ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் வருகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் அப்படி நூறு இடங்களைக் கடக்கிறது. எல்லாக் குழியும் ஆழமல்ல. ஆனால் கணிதம் சொல்வது இது: நேரத்தில் சுமார் பத்து சதவீதம் சிக்னல் தன் சராசரியின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழும், ஒரு சதவீதம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும். சுதந்திரமான இரண்டு அன்டெனா இருந்தால் அந்த ஒரு சதவீதம், பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும்.

நல்ல செய்தியும் அதிலேயே இருந்தது. போனைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் அலை வருவதால், அங்கே பாதி அலைநீளம் தள்ளி வைத்தாலே இரண்டாவது காது தனியாகக் கேட்கும். ரிவர்ஹெட்டின் சில நூறு மீட்டர், ஒரு சாணாகச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் கோபுரத்தின் தலையிலும் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அன்டெனா வைத்துவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வைத்துப் பார்த்தால் பயனில்லை. இரண்டு காதும் ஒன்றாகவே அடைத்தன.

பதினொன்றால் வகுத்தல்

இந்தப் புதிரை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் லீ. சீனாவில் பிறந்தவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். கோபுர அன்டெனாக்களுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கேள்விக்கு 1971இல் அவர் கட்டுரை வெளியானது.

கீழே நிற்கும் போனுக்கு நாலா பக்கமும் சுவர். எல்லாத் திசையிலிருந்தும் அலை. ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி உயரத்தில் நிற்கும் கோபுரத்திலிருந்து பார்த்தால், அந்தப் போனும் அதைச் சுற்றிய சுவர்களும் ஒரே கீற்றுத் திசைக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லா வழிகளும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வந்தால், ஒரு சாண் தள்ளி வைத்த அன்டெனாவுக்குப் புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. உயரம் கூடக் கூடக் கீற்று இன்னும் ஒடுங்கும். இடைவெளி இன்னும் அகல வேண்டும்.

லீ அதைப் பொறியாளர்களின் கைக்கணக்காக்கினார். 850 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில், அன்டெனா நிற்கும் உயரத்தைப் பதினொன்றால் வகுத்தால் தேவையான இடைவெளி கிடைக்கும். 33 மீட்டர் கோபுரமா? மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. அலை வரும் திசைக்குக் குறுக்கே தள்ளி வைக்க வேண்டும். அதே திசையில் முன்னும் பின்னுமாக வைத்தால் பலன் வெகுவாகக் குறையும்.

பழைய கோபுரங்களின் தலையில் அகலமான முக்கோண மேடை இருந்ததன் இரகசியம் இதுதான். மூலைக்கு மூலை நிற்பவை கேட்பதற்கு. நடுவில் நிற்பது பேசுவதற்கு. 1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசி வலையமைப்பைத் தொடங்கியபோது உலகம் முழுவதும் நடைமுறையில் இருந்த வடிவம் அது. இந்தியாவில் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு முதல் கைத்தொலைபேசி அழைப்பை எடுக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

மூன்று மீட்டர் மேடை என்றால் அதைத் தாங்கும் இரும்பு, அந்த இரும்பைத் தாங்கும் அத்திவாரம், தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் பரப்பு எல்லாம் கூடும். நகரத்துப் பெருங்கோபுரத்துக்கு அது கட்டுப்படியாகும். ஆனால் 1990களில் செல்கள் சுருங்கத் தொடங்கின. வாடிக்கையாளர் பெருகப் பெருக, கூரைக்கு மேலே நின்ற அன்டெனா, கூரைக்குக் கீழே கம்பத்துக்கும் சுவருக்கும் இறங்கியது. கம்பத்தில் மூன்று மீட்டர் குறுக்குச் சட்டம் வைக்க எந்த மாநகரசபை ஒத்துக்கொள்ளும்?

கோபுரம் கீழே இறங்கியபோது

இறங்கியதே ஒரு வகையில் நன்மையானது. ஒன்பது மீட்டர் கம்பத்துக்கு லீயின் கைக்கணக்கே ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியைத்தான் கேட்கும். கூரைக்குக் கீழே வந்துவிட்ட அன்டெனாவைச் சுற்றியும் சுவர்கள். அலை பரந்த கோணத்திலிருந்து வருகிறது. ஆனால் நீண்ட தெருவில் வேறு சிக்கல். இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கு நடுவே அலை தெருவோடு ஓடி, இரண்டு முனையிலிருந்து மட்டுமே வந்து சேரும். அங்கே இடைவெளியைத் தெருவின் போக்கில் விட்டால் வீண். தெருவுக்குக் குறுக்கே விட வேண்டும்.

இன்னொரு தொல்லை வேகத்தால் வந்தது. காரில் போகிறவர் ஒரு குழியை மில்லி நொடிகளில் கடந்துவிடுவார். விழுந்த துண்டுகளை முன்னும் பின்னும் உள்ள துண்டுகளைக் கொண்டு டிஜிட்டல் முறை மீட்டுவிடும். சிறு செல்லுக்குள் இருப்பவர்கள் நடப்பவர்கள், நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள். நின்ற இடத்திலேயே குழி இருந்தால், அவர் பேசி முடிக்கும்வரை குழிக்குள்ளேயேதான். அதிர்வெண்ணை ஒரு நொடிக்கு 217 தடவை மாற்றித் தாவும் வசதி ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் கைத்தொலைபேசி முறையில் உண்டு. அதுவும் ஓரளவுக்கே உதவும். ஆகவே பெரிய செல்லைவிடச் சிறு செல்லுக்குத்தான் இரண்டாவது காது அவசியம். ஆனால் அதை வைக்கத்தான் இடமில்லை.

இடமில்லாத இடத்தில் இரண்டாவது காதை வைக்கும் வழி இருபது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 1972இல் லீயும் அவருடைய சகா யேயும் எழுதிய ஒரு கட்டுரை, இரண்டு அன்டெனாவைத் தள்ளி வைக்காமல் வெவ்வேறு திசையில் சாய்த்து வைத்தால் போதும் என்றது. அலை செங்குத்தாகவும் அதிரலாம், கிடையாகவும் அதிரலாம். சுவரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பும்போது அந்தச் சாய்வு மாறிவிடும். இரண்டு சாய்வுகளும் வெவ்வேறு கணத்தில் மங்கும். ஆகவே ஒரே பெட்டிக்குள் இரண்டு சாய்வில் இரண்டு அன்டெனா வைத்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

கார்க் காலத்தில் இதற்குப் பெரிய வரவேற்பில்லை. காரின் கூரையில் அன்டெனா நேராக நிற்கும். அலையும் பெரும்பாலும் செங்குத்தாகவே வரும். கைத்தொலைபேசி வந்தபிறகுதான் நிலைமை மாறியது. காதில் வைத்துப் பேசும்போது யாரும் போனை நேராகப் பிடிப்பதில்லை. கன்னத்தோடு சாய்த்துத்தான் பிடிக்கிறோம். அலையும் சாய்ந்தே கிளம்புகிறது. 1984இல் ஜப்பானில் கொசோனோவின் குழு, நிலைய அன்டெனாவில் இந்த முறையை ஆராய்ந்தது. 1993இல் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் எகர்ஸ், யோர்ன் டொஃப்ட்கோர், அலெக்ஸ் ஒப்ரியா மூவரும் நகரத்துச் சிறு செல்களுக்கும் நுண் செல்களுக்கும் எந்த அன்டெனா அமைப்பு ஏற்றது என்று அளந்து எழுதினார்கள். 1995இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் துர்க்மானியின் குழு 1800 மெகாஹெர்ட்ஸில் தள்ளி வைப்பதையும் சாய்த்து வைப்பதையும் ஒப்பிட்டது.

அதே 1995இல் கொழும்பில் எம்டிஎன் நெட்வர்க்ஸ் நிறுவனம் டயலொக் என்ற பெயரில் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகெங்கும் பெட்டி அன்டெனாவுக்குள் ஒரு பக்கம் 45 பாகை, மறுபக்கம் 45 பாகை சாய்ந்த இரட்டை வரிசைகள் வந்தன. முக்கோண மேடைகள் ஒல்லியாகத் தொடங்கின.

நகரத்துக்கு அது சரி. தேயிலை மலைக்கு?

பட்டியலில் இருந்த மலை

செல்டெல் தொடங்கிய அதே 1989இல் ஐரோப்பாவில் காஸ்ட் 207 என்ற ஆய்வுக் குழுவின் இறுதி அறிக்கை வந்தது. புதிய ஜிஎஸ்எம் போன்கள் எந்தெந்த நிலப்பரப்பில் வேலை செய்ய வேண்டும் என்று அது வகை பிரித்தது. திறந்த நாட்டுப்புறம் ஒன்று. வழக்கமான நகரம் ஒன்று. மோசமான நகரம் ஒன்று. நான்காவது, மலைப்பாங்கான நிலம். அந்த நான்காவது வகையில், முதல் அலை வந்து 15 மைக்ரோ நொடிக்குப் பிறகும் எதிரொலி அலைகள் வரும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். 15 மைக்ரோ நொடியில் வானொலி அலை நாலரைக் கிலோமீட்டர் போகும். இந்தப் பக்க மலையில் புறப்பட்டு எதிர்மலைப் பாறையில் மோதித் திரும்பும் கூடுதல் தூரம் அது. கிரேட் வெஸ்டர்ன் அடிவாரத்தில் நிற்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போனை மலைநிலத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. லிந்துலை வளைவுகளில் நூறில் போய்ச் சோதிக்க ஆள் கிடைத்திருக்காது.

இப்போது அம்மாவின் புதிருக்கு வருவோம். திரையிலிருக்கும் கோடு, கோபுரம் பேசுவதை போன் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். போன் பேசுவதைக் கோபுரம் கேட்கிறதா என்பது அதில் வராது. கோபுரம் இருபது வாட், அதற்கும் மேலான வலுவில் பேசும். 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் கைத்தொலைபேசியின் உச்ச வலு 2 வாட்.

வலு மட்டும் அல்ல. இரண்டு பேச்சும் ஒரே அதிர்வெண்ணில் நடப்பதில்லை. 900 பட்டையில் போன் பேசும் அதிர்வெண்ணுக்கும் கோபுரம் பேசும் அதிர்வெண்ணுக்கும் 45 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம். போர்ன்மவுத்தில் ஆப்பிள்டன் அலைநீளத்தைச் சிறிது மாற்றியதும் ஆக்ஸ்போர்டில் முள் ஏறி இறங்கியது ஞாபகமிருக்கிறதா? அதே விதிதான் லயத்திலும். தகரக் கூரை, சவுக்கு மரம், எதிர்மலைப் பாறை என்று பல வழிகளில் அலை போய்வரும் இடத்தில், ஓர் அதிர்வெண்ணுக்கு முகடாக இருக்கும் புள்ளி 45 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் அதிர்வெண்ணுக்குப் பள்ளமாக இருக்கலாம். மகன் குரல் முகட்டில் வந்தது. அம்மா குரல் பள்ளத்தில் விழுந்தது. வாசலுக்கு வந்தபோது அவர் பள்ளத்தை விட்டு ஏறினார், இரண்டடி நகர்ந்ததும் அடுத்த பள்ளத்தில் விழுந்தார். பெவரேஜ் இரண்டாவது அன்டெனா நட்டுச் செய்ததை அம்மா காலால் நடந்து செய்தார்.

கோபுரத்துக்கு இரண்டாவது காது இருந்தால் அந்த நடை பெரும்பாலும் மிச்சம். திட்டமிடும் பொறியாளர்கள் அதன் ஆதாயத்தை 3 முதல் 5 டெசிபெல் என்று கணக்கில் எடுப்பார்கள். மூன்று டெசிபெல் என்றால் போன் தன் வலுவை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், பேட்டரி தீராமலே.

இங்கே எந்தக் காதை வைப்பது? சாய்வு முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. திறந்தவெளியில், இடையில் தடையில்லாமல் நேராக வரும் அலைக்குச் சாய்வு அதிகம் மாறாது. அங்கே தள்ளி வைப்பதே நல்ல பலன் தரும். லயன் வரிசைகளும் தகரமும் மரமும் பாறையும் நெருங்கிய மடிப்புக்குள் சாய்வு மாறும். அங்கே ஒரே பெட்டி போதும். பள்ளத்தாக்கோடு நீளும் வீதிக்கு வைக்கும் சிறு செல் என்றால், நீண்ட தெருவுக்குச் சொன்னதே பொருந்தும்: இடைவெளி வீதிக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ஒரே தோட்டத்தின் மேல்பிரிவுக்கு ஒரு விடை, கீழ்ப்பிரிவுக்கு ஒரு விடை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக்கூடாது. எத்தனை காது வைத்தாலும் மலையின் நிழலுக்குள் கேட்காது. நிழலுக்கு மருந்து, மடிப்புக்குள்ளேயே ஒரு சிறு செல். மங்கலுக்கு மருந்து, அந்தச் செல்லுக்கு இரண்டாவது காது. சிக்னல் எட்டாத கிராமங்களுக்குக் கோபுரம் கொண்டுபோக, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற திட்டத்தைத் தொடங்கியது முதல் மருந்துக்காக. இரண்டாவது மருந்தைக் கேட்டு யாரும் மனுக் கொடுப்பதில்லை. அது பெட்டிக்குள் மறைந்திருப்பதால், இல்லாதபோதும் தெரிவதில்லை.

மகன் பக்கம்

அம்மா பேசுவது இப்போது கோபுரத்துக்குக் கேட்கிறது. ஆனால் கோபுரம் பேசுவது போனுக்கு? 1990களின் போனில் ஒரே ஓர் அன்டெனா. அந்தச் சிறு உடலுக்குள் இரண்டாவது காதை வைக்க உற்பத்தியாளர்கள் தயாராக இல்லை.

சரி, கோபுரத்தில்தான் இரண்டு அன்டெனா இருக்கிறதே, இரண்டிலிருந்தும் ஒரே சொல்லை அனுப்பலாமே என்றார்கள். அனுப்பினால் இரண்டு அலையும் போனின் ஒற்றை அன்டெனாவில் வந்து கலந்தன. எங்கோ முகடும் முகடும். எங்கோ முகடும் பள்ளமும். இயற்கை செய்துகொண்டிருந்த அழிவை இப்போது மனிதனே செய்தான். பல ஆண்டுகள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டார்கள்.

1998 அக்டோபரில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வந்தது. இரண்டு அன்டெனா, இரண்டு நேரத்துண்டு, இடம் மாற்றி அனுப்பும் இரண்டு குறியீடுகள், நடுவில் ஒரு கழித்தல் குறி. அந்தக் கழித்தல் குறி சுவரை உடைத்தது. எப்படி என்பதும், எழுதியவர் யார் என்பதும் அடுத்த வாரம்.

ஆனால் அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1996இல், பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இன்னும் துணிச்சலான கணக்கொன்றைப் போட்டு முடித்திருந்தார். ஆப்பிள்டனிலிருந்து லீ வரை எல்லாரும் பல வழிகளில் அலை வருவதை நோய் என்றே எண்ணினார்கள். அவருடைய விடையோ, வழிகள் கூடக் கூட ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் அனுப்பக்கூடிய செய்தியின் அளவும் கூடும் என்றது. அது உண்மையானால், நேர்வழி மட்டுமே உள்ள சமவெளியைவிட, பாறையும் தகரமும் எதிரொலிக்கும் மலையடிவாரமல்லவா வசதியான இடம்?

(தொடரும்)